லயத்து வீடுகளுக்கு வந்த ஒலிப்பெட்டிகள்



ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா வட்டாரங்களில் பழைய தோட்டக் குடும்பங்களின் வீட்டிற்குச் சென்றால், அலமாரியின் மேலோ கட்டிலின் அடியிலோ ஒரு பழைய ஒலிப்பெட்டி கிடப்பதைக் காணலாம். வானொலியாக இருக்கும், அல்லது இசைத்தட்டு சுழற்றும் கருவியாக இருக்கும். "அது பேசாது, சார். தாத்தா காலத்துப் பெட்டி" என்பார்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் பெட்டி இருக்காது. பழைய சாமான் வாங்குபவரின் லாரியில் ஏறியிருக்கும். அப்பெட்டிகள் நம் வீடுகளுக்கு எப்படி வந்தன, அவற்றை மீண்டும் பேச வைக்க வழி உண்டா என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் ஒரு கேள்வி. துரையின் பங்களாவில் வானொலி பாடிய காலத்தில் நம் லயங்களில் அது ஏன் பாடவில்லை? பணம் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லயத்தில் மின்சாரம் இல்லை. மலாயாவில் ரப்பரை வணிகத்திற்காக முதலில் பயிரிட்டது நம் மலாக்காவில்தான். 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அதன்பின் பல்லாண்டுகள் நம் மக்கள் மண்ணெண்ணெய் விளக்கடியிலேயே இரவைக் கழித்தனர். ஆகவே லயத்திற்கு வந்த ஒவ்வொரு பெட்டியும், மின்சாரக் கம்பி இல்லாமல் எப்படி இயங்குவது என்ற கேள்விக்கு ஒரு விடையோடுதான் வந்தது.

முதல் விடை, சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன். 1877-இல் எடிசன் ஒலியைப் பதிவு செய்து காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1887-இல், எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டு முறையைக் கண்டார். 1902-இல் இந்தியாவில் ஒலிப்பதிவு தொடங்கியது. 1908-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே உள்ள எஃகுச் சுருள்வில் இறுகும். அது தளரும்போது தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். வேகம் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது மூன்று சிறு எடைகள் கொண்ட ஓர் ஆளி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும்.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கினால் ஆனது. பாண்டவர்களை எரிக்க நினைத்துத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையும் அரக்கு மாளிகைதானே! இந்தியக் காட்டு மரங்களில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதனுடன் கல்தூள் முதலியவற்றைக் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டு செய்தார்கள். அரக்கு மாளிகையின் குறை தட்டிற்கும் உண்டு. வெயிலில் வைத்தால் வளையும். கீழே விழுந்தால் உடையும். இன்னொரு குறையை நாம் மிகத் தாமதமாகவே கற்றோம்.

எங்கள் வீட்டில் பாட்டனார் விட்டுச் சென்ற ஒரே ஓர் இசைத்தட்டு இருந்தது. தூசும் பூஞ்சையும் படிந்திருந்தது. பளிச்சென்று ஆக்கலாம் என்று எண்ணி, பஞ்சில் ஸ்பிரிட்டு நனைத்துத் துடைத்தோம். பஞ்சு கறுத்தது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தோம். போனது அழுக்கன்று, பாட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது பின்னரே தெரிந்தது. பாட்டனார் சாவி கொடுத்துக் கேட்ட அந்தக் குரலை இனி எவரும் அந்தத் தட்டில் கேட்க முடியாது. ஆகவே நேயர்களே, 78 சுற்று இசைத்தட்டைக் குளிர்ந்த நீரிலும் சிறிதளவு மென்மையான சோப்பிலும் மட்டுமே துடையுங்கள். நடுவில் ஒட்டிய தாள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டு ஒரு துளியும் படக் கூடாது.

கிராமபோன் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்து பிசினாகிவிட்ட பழைய கிரீசுதான். ஆளியையும் பற்சக்கரங்களையும் துடைத்து, புதிய எண்ணெய் இட்டாலே பல கருவிகள் சுழலத் தொடங்கும். ஆனால் சுருள்வில் அடைத்த உருளையை வீட்டில் திறக்க வேண்டாம். இறுகிய எஃகு சட்டென விரிந்தால் கையைக் கிழித்துவிடும். எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியவுடன் மாற்றிவிட வேண்டும். சிக்கனம் கருதி அதே ஊசியை வைத்தால், தேய்ந்த ஊசி தட்டை அரித்துவிடும்.

அடுத்து வந்தது வால்வு வானொலி. 1904-இல் பிளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் அதில் மூன்றாவது கம்பி ஒன்றைச் சேர்த்தார். வலுவற்ற ஒலியலையைப் பெரிதாக்கும் வழி அதனால் பிறந்தது. சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் வால்வு சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். ஆகவே அது சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த பங்களாக்களில் பாடியது. மின்சாரம் இல்லாத இடங்களுக்கென 90 வோல்ட்டுப் பேட்டரியில் இயங்கும் வானொலிகளும் இருந்தன. அந்தப் பேட்டரியின் விலையோ நாட்கூலி பெறுபவருக்கு எட்டாதது.

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் வானொலி உயிரைப் பறிக்கும் பொருளாயிற்று. வெளிநாட்டுச் செய்தியைக் கேட்பது குற்றம். பேராக் மாநிலத்தின் பாப்பான் என்னும் சிற்றூரில் மருத்துவத் தொண்டு செய்த சிபில் கார்த்திகேசு அம்மையார், சிற்றலை வானொலியை மறைத்து வைத்து இலண்டன் செய்தியைக் கேட்டார். எதிர்ப்புப் படையினருக்கு மருந்தும் கொடுத்தார். 1943-இல் பிடிபட்டுக் கடுஞ்சித்திரவதைக்கு உள்ளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், உடல் தேறாமலே 1948-இல் மறைந்தார். ஒரு மரப்பெட்டிக்குள் எவ்வளவு பெரிய துணிவு ஒளிந்திருந்தது பாருங்கள்!

1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா பிறந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், மக்கள் கூடிக் கேட்பதற்காகப் பொது வானொலிகள் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் வைக்கப்பட்டன. தன் வீட்டில் வானொலி இல்லாதவரும் தமிழ்ச் செய்தியைக் கேட்க அவை வழி செய்தன. ஒரு பெட்டியைச் சுற்றி ஊரே அமர்ந்த காலம் அது.

வால்வு வானொலி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. பல்லாண்டு உறங்கிய பெட்டியை நேராக மின்சாரத்தில் மாட்டாதீர்கள். உள்ளே கண்டென்சர் என்னும் மின்தேக்கிகள் உள்ளன. தாளும் மெழுகும் கொண்டு செய்த அவை நாளடைவில் ஈரம் உறிஞ்சிக் கெட்டிருக்கும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுத்தால் விலைமிக்க வால்வும் மின்மாற்றியும் எரிந்துபோகும். பழுது பார்ப்போர் பெட்டிக்கும் மின்சாரத்திற்கும் இடையே பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பார்கள். பல்பு ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறு. பல்பு தடுத்துவிடுவதால் பெட்டி எரியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தப் பெட்டிக்குள் 250 வோல்ட்டுக்கு மேலும் அழுத்தம் இருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கி நிற்கும். மின்மாற்றி இல்லாத சில வகைகளில் இரும்புச் சட்டமே மின்சாரம் பாயும் பகுதியாக இருக்கும். தொட்டால் உயிர் போகும். ஆகவே இந்த வேலையைத் தொழில் அறிந்தவரிடம் விடுங்கள். பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கட்டும். கை வைக்க வேண்டாம்.

இனி லயத்தின் கதவை உண்மையில் திறந்த பொருளுக்கு வருவோம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் இருவரும் டிரான்சிஸ்டரை உருவாக்கினர். ஷாக்லியும் அவர்களுடன் 1956-இல் நோபல் பரிசு பெற்றார். 1954-இல் அமெரிக்காவிலும் 1955-இல் ஜப்பானிலும் டிரான்சிஸ்டர் வானொலிகள் விற்பனைக்கு வந்தன. வால்வு செய்த வேலையை, சூடேறாமல், விரல் நுனியளவான இப்பொருள் செய்தது. நான்கோ ஆறோ டார்ச்சு பேட்டரிகள் போதும். பெட்டி கைக்கு அடக்கமாயிற்று. விலையும் வர வர இறங்கியது. பங்களாவில் இருந்த ஒலி லயத்து வாசலுக்கு வந்தது. பால் வெட்டி முடித்து வந்தவர்கள் மலேசிய வானொலியின் தமிழ் நிகழ்ச்சியையும், சிற்றலையில் கரகரத்து வந்த இலங்கை வானொலியையும் தம் வீட்டிலேயே கேட்டார்கள். பேட்டரி தளர்ந்தால் கூரைமேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய கதையை நம் பெரியவர்களிடம் கேளுங்கள்.

டிரான்சிஸ்டர் வானொலியை வீட்டில் செம்மைப்படுத்துவது எளிது, ஆபத்தும் குறைவு. பெரும்பாலும் உள்ளே மறந்து வைத்த பேட்டரி கசிந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் உயிர் வரும். ஒலி கூட்டும் திருகு கரகரத்தால் தூசுதான் காரணம். மின்தொடர்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தைத் தெளித்துப் பலமுறை திருப்பினால் போதும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது, டிரான்சிஸ்டரின் காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டை இடுக்கி வாங்கிக்கொள்ளும்.

மின்சாரம் தோட்டங்களுக்கு வந்தபின் மின்சாரத் தட்டுக்கருவியும், 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டும் வந்தன. இவை நிற்பதற்குப் பொதுவான காரணம் ரப்பர் பட்டையோ ரப்பர் சக்கரமோ இறுகிப்போவது. காற்றும் வெப்பமும் ரப்பரை முதுமையாக்கும். மாற்றுப் பட்டை சில வெள்ளிக்குக் கிடைக்கும். ரப்பர் மரத்தையே நம்பி வாழ்ந்த வீட்டில், ஒரு துண்டு ரப்பர் இற்றுப்போனதற்காகப் பெட்டியைத் தூக்கி எறியலாமா?

இந்த வரலாற்றுக்கு மலாக்காவிலேயே ஒரு பிற்பகுதி உண்டு. 1970-களில் பத்து பெரண்டாமில் சுதந்திர வாணிப வட்டாரம் உருவாயிற்று. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1973-இல் மலாக்காவில் குறைகடத்தித் தொழிற்சாலையைத் தொடங்கியது. அது 1999 முதல் இன்ஃபினியோன் என்னும் பெயரில் இயங்குகிறது. டிரான்சிஸ்டரின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் நம் ஊரிலேயே ஒன்றுசேர்க்கப்பட்டன. இத்தகைய ஆலைகளில் உருப்பெருக்கி வழியே நோக்கி, தலைமயிரினும் மெல்லிய கம்பிகளை இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். தாய் லயத்து வாசலில் கேட்ட பெட்டியின் உட்பொருளை மகள் தன் கையால் செய்தாள். நம் அக்காமார்களின் கைத்திறனை நாம் போதிய அளவு போற்றவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு மாணவன் தன் பாட்டியின் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தான். துருவைத் தேய்த்தோம், பேட்டரி போட்டோம், ஸ்பீக்கர் இரைந்தது. ஆனால் தமிழ் கேட்கவில்லை. மலேசிய வானொலியின் தமிழ்ச் சேவையான மின்னல் இன்று பண்பலையில் ஒலிக்கிறது. பாட்டியின் பெட்டியிலோ மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உண்டு. பையன் முகம் வாடியது. அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இதை யார் வாங்கினார், எந்தத் தோட்டத்தில் இருந்தபோது வாங்கினார், எப்படிப் பணம் சேர்த்தார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வா" என்றோம். மறுநாள் தாளின் இரு பக்கமும் நிறைந்திருந்தது. அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது, லயங்கள் இல்லை. அங்கே அவர்கள் வாழ்ந்ததைப் பற்றி அவன் வீட்டில் எழுதி வைக்கப்பட்ட முதல் செய்தி அதுதான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். பேச வைக்க முடிந்தால் பேச வையுங்கள். முடியாவிட்டாலும், அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். லாரிக்காரர் கொடுக்கும் சில வெள்ளியைவிட அந்தத் தாள் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய சொத்தாகும்.