அருமபுரி என்னும் மாவட்டம்: வெற்றிமாறன் படங்களும் தணிக்கையின் விலையும்

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் (2023) அருமபுரி என்ற கற்பனை மாவட்டத்தில் நடக்கிறது. தமிழகத்தின் வரைபடத்தில் அப்படியொரு மாவட்டம் இல்லை. ஆனால் காவல் முகாமுக்கு இழுத்துச் செல்லப்படும் மலைகிராமத்துப் பெண்களைப் பார்க்கும் எவருக்கும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி நினைவுக்கு வராமல் போகாது. இந்த மறைப்பைத் தணிக்கை வாரியத்தின் கத்தரிக்கோலை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். படம் வாரியத்திடம் போவதற்கு வெகு முன்பே, கதை பின்னப்படும் இடத்திலேயே, தணிக்கை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அரூர் பகுதியிலுள்ள வாச்சாத்திக்குள் புகுந்தனர். ஊர் மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசே செய்த குற்றம் என்பது இன்று நீதிமன்ற ஆவணம். அதைப் பேசுவதற்குத்தான் சினிமா வேறு மாவட்டம் தேடிப் போகிறது.

படத்தின் கால ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். 1987இல் மக்கள் படை வைத்த குண்டில் ரயில் கவிழ்கிறது. அந்தப் படையின் தலைவர் பெருமாள் வாத்தியாரைப் பிடிக்கக் காவல்துறை மலையேறுகிறது. கிராமத்தார் வதைபடுகிறார்கள். ரயில் காட்சி அதே ஆண்டு அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நடந்த குண்டுவெடிப்பை நினைவூட்டுகிறது. இரு வேறு ஊர்களின், ஐந்தாண்டு இடைவெளியுள்ள இரு நிகழ்வுகள் ஒரே கதையாகத் தைக்கப்பட்டுள்ளன. வாச்சாத்தியில் வெடிகுண்டும் இல்லை, ஆயுதப்படையும் இல்லை; சந்தனக்கட்டைப் புகார் மட்டுமே இருந்தது. படத்தில் அரச வன்முறைக்கு ஒரு முன்காரணம் கிடைத்துவிடுகிறது. சுரங்க நிறுவனத்தின் ஆதாயத்தைக் கதைக்குள் கொண்டுவந்து வெற்றிமாறன் அந்தக் காரணத்தை உள்ளிருந்தே அரிக்கிறார் என்பது உண்மை. ஆனாலும் ரயில் முதலில் கவிழ்ந்துவிட்டது. பார்வையாளர் அங்கிருந்துதான் மலையேறுகிறார்.

புனைவுக்கு இந்த உரிமை உண்டே என்று கேட்கலாம். உண்டு. வாச்சாத்தி என்ற பெயரிலேயே 2012இல் ஒரு படம் வந்திருப்பதால், பெயரைச் சட்டம் தடுக்கவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் பெரும் முதலீட்டில் எடுத்து நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியிட வேண்டிய படத்தின் கணக்கு வேறு. சான்றிதழ் ஒரு மாதம் தள்ளிப்போனால் வட்டி ஏறும். திரையரங்கை நம்பாத திவ்யபாரதி ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் (2017) பெயரையும் இடத்தையும் நேராகவே சொன்னார். அவருக்கு வாரியம் தடையாக இருக்கவில்லை. திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. படம் யூடியூபுக்குப் போனது.

திரைப்படம் மற்ற ஊடகங்களைவிட மனத்தை ஆழமாகக் கிளறும், ஆகவே முன்தணிக்கை செல்லும் என்று கே.ஏ. அப்பாஸ் வழக்கில் (1970) உச்ச நீதிமன்றம் கூறியது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் (1989) அதே நீதிமன்றம், மிரட்டலுக்குப் பயந்து அரசு கருத்துரிமையைக் கைவிடக் கூடாது என்றது. இயக்குநர்கள் பலரும் இரண்டாவதையே மேற்கோள் காட்டுவார்கள். அன்றாடத்தில் ஆள்வது முதலாவது.

‘விசாரணை’ (2015) வெனிஸ் விழாவுக்கும் பிறகு ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரைக்கும் போனதால், வெற்றிமாறனுக்குத் தணிக்கை ஒரு பொருட்டல்ல என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அவர் தயாரித்து கோபி நயினார் இயக்கிய ‘மனுசி’க்கு நேர்ந்தது அந்த எண்ணத்தைக் கலைக்கிறது. சான்றிதழ் மறுக்கப்பட்டு வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2025இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே படத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே வெற்றிமாறன் தம் தயாரிப்பு நிறுவனத்தை மூடப்போவதாக அறிவித்தார். திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்ட பிறகு, மறுக்கப்பட்ட இயக்குநருக்கு உயர் நீதிமன்றமே வழி. வெற்றிமாறனால் வழக்கறிஞர் வைக்க முடிந்தது. அரூரிலிருந்து முதல் படம் எடுக்க வரும் ஒருவர் அந்தச் செலவைத் திரைக்கதை எழுதும்போதே கணக்கில் எடுத்துக்கொள்வார்.