சயாமிலிருந்து பெரட்டுக்கு

கெடாக்காரனுக்குச் சயாம் தூர தேசமில்லை. சுங்கைப் பட்டாணியில் ரயில் ஏறினால் அலோர் ஸ்டார், பிறகு பாடாங் பெசார், எல்லை தாண்டினால் ஹாட்யாய். இன்று மலிவுத் துணி வாங்கவும் ஊர் சுற்றவும் வாரக் கடைசியில் போய் வருகிறார்கள். அன்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இந்த வழியாகத்தான் தோட்டத்து ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து பான்போங் வரை கொண்டுபோனது ஜப்பான் ராணுவம். அங்கிருந்து காட்டுக்குள் நடை. பர்மா வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்தது.

ஆள் கிடைத்ததற்குக் காரணம் பசி. போர் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. மரங்கள் சீவப்படாமல் நின்றன. கூலி போயிற்று, அரிசி போயிற்று, மரவள்ளிக் கிழங்கும் கோணிச்சாக்கு உடுப்பும் வந்தன. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னதை நம்பிப் போனவர்கள் உண்டு. ஓசிப் படம் காட்டுவதாகக் கூட்டிவைத்து அப்படியே லாரியில் ஏற்றிய கதையை எங்கள் பக்கத்தில் கேட்காத வீடு குறைவு. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பகுதி தமிழர்கள்.

1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் புகுந்தது. செத்தவர்களைப் புதைத்தார்கள், எரித்தார்கள், பெயர் மட்டும் எழுதவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெயர்ப் பலகைகள், வெட்டிவிட்ட புல். தமிழனுக்கு அந்த இடுகாட்டில் ஒரு கல் இல்லை. இதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், எழுதவேண்டியதும்தான். எனக்கு உறுத்துவது வேறு: திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

என் தாத்தா திரும்பி வந்தவர். அவர் போனபோது கெடா ஜப்பான்காரன் கையில் இருந்தது. 1943 அக்டோபரில் ரயில் பாதை இணைந்தது. அதே மாதம் கெடாவைச் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். முகாமிலிருந்து தப்பி ஓடிவந்தவன் சொந்தத் தோட்டத்து லயத்துக்கே வந்து சேர்ந்தாலும் அதுவும் சயாம்தான். தாத்தா அந்தச் சிக்கலில் மாட்டவில்லை. சண்டை முடிந்த பிறகுதான் கெடாவிலுள்ள பீடோங் வந்தார், காலில் ஆறாத புண்ணோடு.

அவரிடம் சயாம் கதை கேட்டால் பெரட்டு கதைதான், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் கதைதான் வரும். விடியுமுன்பே மணி அடிக்கும். லயத்து வாசலில் நின்றபடி கட்டங்காப்பி. ஐந்தரைக்குப் பெரட்டு, கிராணி பேர் கூப்பிட ஒவ்வொருவராகக் குரல் கொடுக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே மர நிரைக்குள் இறங்கி, தலைவிளக்கு வெளிச்சத்தில் உளி போடுவார்கள். பட்டையைக் காகிதம்போல மெலிதாக எடுக்கணும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். பத்து மணிக்கு மேல் மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைக் காண்டா கட்டித் தோளில் தூக்கி ஸ்டோரில் நிறுக்கணும். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. மழை வந்தால் வேலையில்லை, கூலியில்லை.

கேட்பவருக்கு இது கொத்தடிமை வாழ்க்கை. பாதி அதுதான். ஆனால் தாத்தா பேர் கூப்பிடுவதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "அங்க எவன் பேரையும் எவனும் கூப்பிடல. இங்க கிராணி தப்பா கூப்பிட்டாலும் என் பேருதான்."

இதை ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்காது. சயாம் சாவுகள் தமிழில் நாவலாக வரவே ஐம்பது வருஷம் ஆயிற்று, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வந்தது. பின்னால் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. தோட்டத்துச் சாதாரண நாளை எழுதியதில் எங்கள் கெடாவுக்குத் தனிப் பங்கு உண்டு. 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி சுங்கைப் பட்டாணிக்காரர். லயமும் நிரையும் ஆலையும் அவர் கதைகளில் பின்னணிப் படமாக நிற்பதில்லை. ஆட்களைப்போலவே மூச்சு விடுகின்றன. சாவு எழுதுவதைவிட ஒரு சாதாரணக் காலைப்பொழுதை எழுதுவது கஷ்டம் என்பது என் கட்சி.

சரித்திரக்காரர்கள் 1946, 47-ஐ எழுதும்போது சங்கம், கம்யூனிஸ்ட், கூலிப் போராட்டம் என்று போய்விடுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படையை நான் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். நேதாஜியின் படையில் பார்த்த அணிவகுப்பும் ஒழுங்கும் அதில் இருந்தன. முதல் எதிரி வெள்ளைக்கார துரை அல்ல, கள்ளுக்கடை. அதுவோ தோட்டத்துக்குள்ளேயே, சட்டப்படி நடந்த கடை. சம்பளம் அடுப்படிக்கு வருமுன் அங்கே பாதி கரைந்துவிடும். அத்தனை சாவைக் கண்டு வந்த சனம், பிழைத்த உயிரை இப்படிக் குடித்துத் தீர்ப்பதா என்று கேட்டதாகவே எனக்குப் படுகிறது. கடை வாசலில் மறியல் நடந்தது. 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் போலீசோடு மோதல். மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி செத்தார். மறு வருஷம் அவசரகாலம் வந்தது, அப்படிப்பட்ட படைகளுக்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று.

தாத்தா தொண்டர் படையில் சேரவில்லை. சாயங்காலம் ஒரு மங்கு கள் இல்லாமல் என்ன பொழைப்பு என்பது அவர் வாதம்; சயாமில் அதையும்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாராம். ஆயா அப்படியில்லை. கொழுந்தன் மறியலுக்குப் போனபோது படைக்காரர்கள் அத்தனை பேருக்கும் லயத்து வாசலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் தாத்தா ஒளித்து வைத்திருந்த சீனியைப் போட்டு. கள்ளுக்காக அல்ல, சீனி போனதற்குத்தான் சண்டை என்று கடைசிவரை சாதித்தார் தாத்தா.