ஒற்றாடலும் வினவலும்: யூனிக்ஸ் முறைமை தன் நிலை உரைக்கக் கற்ற வரலாறு

மறைவில் நிகழ்வனவற்றை அறியும் வழிகள் இரண்டு. ஒற்றரை ஏவி அறிதல் ஒன்று. பொறுப்புடையோரை வெளிப்படையாக வினவி அறிதல் மற்றொன்று. ஒற்றாடலுக்கெனத் திருவள்ளுவர் ஓரதிகாரமே வகுத்தார். எனினும், ஒற்றன் கொணரும் செய்திக்கு அதனை மறைத்து வைத்தவர் பொறுப்பேலார். வினாவுக்கு இறுக்கும் விடைக்கோ விடையிறுத்தவரே பொறுப்பாளர். கணினியின் பணிசெயல் முறைமை எந்நிலையில் உள்ளது என்பதைச் செய்நிரல்கள் அறிந்துவந்த வரலாறு, முதல் வழியிற் றொடங்கி இரண்டாம் வழியை அடைந்த வரலாறேயாகும்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுகூடத்தில், 1969 ஆம் ஆண்டு, கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யூனிக்ஸ் முறைமையை அமைக்கத் தொடங்கினர். 1973 இல் அதன் கேர்னல் சி மொழியில் மீள எழுதப்பட்டது. கேர்னல் என்பது நினைவகம், வட்டு, செயன்முறைகள் ஆகியவற்றை ஆளும் மையப்பகுதி. எச்செயன்முறை ஓடுகின்றது, எது காத்திருக்கின்றது, நினைவகத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பனவெல்லாம் அதன் அட்டவணைகளில் அடங்கியுள்ளன. சாதாரண செய்நிரல் அவற்றை நேரே தொடுதல் இயலாது.

ஆயின், ஓடும் செயன்முறைகளைப் பட்டியலிடும் 'பீஎஸ்' என்னும் கட்டளை அவற்றை எவ்வாறு அறிந்தது? 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அது கையாண்ட முறை வியப்புக்குரியது. கேர்னலின் மூலப்படியாகிய 'யூனிக்ஸ்' என்னும் கோப்பை அது 'என்லிஸ்ட்' என்னும் சார்பினால் ஆராயும். செயன்முறை அட்டவணை நினைவகத்தில் எம்முகவரியில் உள்ளதெனக் கண்டறியும். பின்னர், நினைவகத்தையே ஒரு கோப்பாகக் காட்டும் வாயிலைத் திறந்து, அம்முகவரிக்குச் சென்று, அங்குள்ளதை எடுத்துப் படிக்கும். கேர்னலை அது ஒன்றும் கேட்பதில்லை. கேர்னலும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. இஃது ஒற்றாடலன்றி வேறன்று.

இம்முறையால் விளைந்த தீங்குகள் மூன்று. முதலாவது, கேர்னலின் தரவமைப்பில் ஓருறுப்பு மாறினும் பீஎஸ் பிழையாகப் படிக்கும்; ஆதலின் கேர்னல் மாறுந்தோறும் அதனையும் மீளத் தொகுத்தல் வேண்டியதாயிற்று. இரண்டாவது, படித்துக்கொண்டிருக்கும்போதே அட்டவணை மாறக்கூடும். கிடைக்கும் தோற்றம் உண்மைக்கு அண்ணியதேயன்றி உண்மையாகாதென ஏழாம் பதிப்பின் கைந்நூலே உரைத்தது. மூன்றாவதே பெரிது. செயன்முறைப் பட்டியலைக் காண்பதற்காகக் கேர்னலின் நினைவகத்தைக் காட்டும் 'கேமெம்' போன்ற கோப்பைத் திறக்கும் உரிமை பெற்ற செய்நிரல், பிறர் விசைப்பலகையிற் றட்டிய எழுத்துகள் கேர்னலிற் றங்கியிருக்கும்போது அவற்றையும் படிக்க வல்லதாகும். அவற்றுட் கடவுச்சொற்களும் இருத்தல் கூடும். சிறிய வினாவொன்றுக்கு வீடு முழுவதன் திறவுகோலையும் கொடுத்ததை இஃது ஒக்கும்.

மாற்றம் 1984 இல் தோன்றியது. பெல் ஆய்வுகூடத்து ரொம் கிலியன், செயன்முறைகளைக் கோப்புகளாகக் காட்டும் கருத்தை அவ்வாண்டு ஓர் ஆய்வுரையில் விளக்கினார். எட்டாம் பதிப்பில் இடம்பெற்ற 'புறொக்' என்னும் அடைவில் ஒவ்வொரு செயன்முறைக்கும் ஒரு கோப்பு இருந்தது. கோப்புக்கு உரியவர் யார் என்பதைக் கொண்டே அனுமதி அளிக்கப்பட்டது. எனவே தன் செயன்முறையைக் காண்பவன் பிறருடைமையைத் தொட வேண்டுவதில்லை. லினக்ஸ் முறைமை 1992 இல் இவ்வடைவை ஏற்று, விடைகளை மனிதர் படிக்கத்தக்க எழுத்துகளாகவே தந்தது. 1993 இல் வெளிவந்த பேர்க்கிளி 4.4 பதிப்போ 'சிஸ்கன்ரோல்' என்னும் அழைப்பை வழங்கிற்று. செய்நிரல் தான் அறியவேண்டிய பொருளைக் குறித்து வினவ, கேர்னல் அப்பொருளை மாத்திரம் தரும்.

இன்று லினக்ஸில் இவ்வினவலை நிகழ்த்தச் சி மொழியிற் சில வரிகளே போதும். 'சிஸ்இன்ஃபோ' என்னும் அழைப்பு, முறைமை தொடங்கியபின் கழிந்த செக்கன்கள், மொத்த நினைவகம், வெற்று நினைவகம், செயன்முறைகளின் தொகை ஆகியவற்றை ஒரே தரவமைப்பில் நிரப்பித் தரும். சராசரிச் சுமையை மட்டும் 65,536 ஆற் பெருக்கிய முழுவெண்ணாகத் தரும். அதனை அவ்வெண்ணால் வகுத்தே கொள்ளல் வேண்டும்.

விடை கூறுதலோடு பொறுப்பு முடிந்ததன்று. விடையின் பொருளும் தெளிவாதல் வேண்டும். புதிய வேலைக்கு எவ்வளவு நினைவகம் கிடைக்கும் என அறியப் பல செய்நிரல்கள் 'மெம்இன்ஃபோ' என்னும் கோப்பிலிருந்து வெற்று நினைவகத்தையும் வட்டுத் தரவின் தற்காலிகப் படிகள் தங்கும் இடத்தையும் கூட்டிக்கொண்டன. அத்தற்காலிக இடத்தில் விடுவிக்க இயலாத பகுதிகளும் உண்டு. ஆகவே, எண்கள் மெய்யாயினும் முடிபு பொய்யாயிற்று. 2014 இல் வெளிவந்த 3.14 ஆம் பதிப்பிற் கேர்னல் தானே மதிப்பிட்டு, 'கிடைக்கத்தக்க நினைவகம்' என்னும் தனி வரியைச் சேர்த்தது. தன் நிலையை நன்கறிந்தது தானே எனக் கேர்னல் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியென இதனைக் கொள்ளலாம்.

வினவும் வழிகளும் என்றும் நிலைத்தனவல்ல. எண்களாற் பொருளைக் குறிக்கும் சிஸ்கன்ரோல் அழைப்பு, 2020 இல் வந்த லினக்ஸ் 5.5 இல் நீக்கப்பட்டது. அதே செய்தி புறொக் அடைவில் எழுத்துவடிவிற் கிடைத்தமையே காரணம். 2021 இல் வந்த 5.13 இற் கேமெமும் நீக்கப்பட்டது. ஒற்றர்கள் நுழைந்த பழைய வாயில் அம்முறைமையில் இவ்வாறு அடைக்கப்பட்டது.

கேர்னலின் நிலையை அறிய வேண்டுமென்னும் தேவை இன்றும் குறைந்திலது. ஆனால் அத்தேவையை நிறைவேற்றுதற்குப் பிறருடைய மறைகளைத் திறக்க வேண்டுவதில்லை. செய்நிரல் எழுதப் பயிலும் மாணாக்கர் இவ்வரலாற்றிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பிறர் வினவுதற்குரிய செய்தி தம் செய்நிரலில் இருக்குமாயின், அதற்கு விடையிறுக்கும் வாயிலொன்றை முன்னரே அமைத்தல் வேண்டும். வாயில் இல்லாத வீட்டிற் சுவரேறிப் புகுவோர் தோன்றுவது இயல்பு.