எர்ணாவூர் அனல்மின் விரிவாக்கம்

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்த எர்ணாவூரில், எண்ணூர் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கமாக, 660 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்றை அமைக்கத் தமிழ்நாடு மின்வாரியம் வகுத்த திட்டம். 2009இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது. ஓட்டு அரசியலால் நிலக்கரியைக் கைவிட முடியுமா என்பதைத் தமிழ்நாட்டில் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வரலாறு: எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி, ஐந்து அலகுகளும் சேர்ந்து 450 மெகாவாட் ஆனது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் வந்தது. நிலக்கரி இறக்குவதற்கென்றே எண்ணூர் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. பிறகு வல்லூரில் 1,500 மெகாவாட். பழைய நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டதற்குக் காரணம் காலநிலைக் கவலை அல்ல, மூப்புதான். விரிவாக்கத்துக்கு 2014இல் ஒப்பந்தம் பெற்ற லான்கோ நிறுவனம் திவாலானதால் வேலை முடங்கியது.

ஓட்டுக் கணக்கு: விவசாயத்துக்கு இலவச மின்சாரம், 2016 மே முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று மின்சாரத்தின் பயன் 234 தொகுதிகளுக்கும் போகிறது. இந்த நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் திருவொற்றியூர், பொன்னேரி தொகுதிகளோடு நின்றுவிடுகின்றன. இறால் பிடிக்கக் கொசஸ்தலை ஆற்றில் இறங்குபவர் காலில் பல இடங்களில் மிதிபடுவது மணல் அல்ல, சாம்பல். இந்தக் கணக்கை எந்தக் கட்சியும் மாற்றிப் போடவில்லை. காலநிலை மாற்ற இயக்கத்தை 2022 டிசம்பரில் தொடங்கிய அதே தி.மு.க. அரசு, 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் நிலக்கரி அலகையும் திறந்து வைத்தது.

தேர்தல் பயனே தரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் அதானி துறைமுக விரிவாக்கம் 2021 சட்டமன்றத் தேர்தலில் பேசுபொருளானது, தி.மு.க. அதை எதிர்த்தது. 2023 செப்டம்பர் 5இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. தனியார் துறைமுகத்தை எதிர்ப்பது ஆளுங்கட்சிக்கு எளிது, தன் மின்வாரியத்தை எதிர்ப்பதுதான் கடினம்.

கருத்துக்கேட்பு: மக்கள் கருத்துக்கேட்பு 1997இல் கட்டாயமானது, இப்போதைய விதிகள் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் உள்ளன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார். பேசியதெல்லாம் காணொளியில் பதிவாகும். பதிவான கருத்துகளை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாக்கெடுப்பு கிடையாது. விரிவாக்கத்துக்குப் புதிய அனுமதி கோரி 2024 டிசம்பர் 20இல் எர்ணாவூரில் நடந்த கூட்டத்தில் ஊர்க்காரர்களும் மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கரியமில வாயுவைவிட மூச்சும் மீனும்தான் இத்தகைய கூட்டங்களில் பேசப்படும். அது அறியாமை அல்ல. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை இந்தக் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெயை வீடுகளுக்குள்ளேயே கொண்டுவந்தது. காலநிலை இங்கே அந்த வடிவத்தில்தான் வாசலுக்கு வருகிறது.

500 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலக்கரி நிலையம் என்பதால் அனுமதி தருவதும் மறுப்பதும் டெல்லியில், ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில் உள்ளது. எர்ணாவூரில் பேசியவை அங்கே நிபுணர் குழுவின் முன் வைக்கப்படும் கோப்பில் ஒரு பகுதி.