போர்ஷே 914: பெட்ரோல் குழாய் மாற்றம்

போர்ஷே 914, ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேயும் கூட்டாக உருவாக்கி 1969 முதல் 1976 வரை தயாரித்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இதன் பெட்ரோல் டேங்க் முன்பக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். இரண்டுக்கும் இடையே இரு பிளாஸ்டிக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று பெட்ரோலை இன்ஜினுக்குக் கொண்டுபோகும், மற்றது மிஞ்சியதை டேங்குக்கே திருப்பும். இருக்கைகளுக்கு நடுவே செல்லும் டன்னலுக்குள் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் ராடு ஆகியவற்றோடு இவையும் மறைந்து கிடக்கின்றன. குழாய்களின் இரு முனையிலும் ரப்பர் ஹோஸ்கள் இணைகின்றன.

கசிவு பெரும்பாலும் முதலில் தெரிவது ரப்பரில்தான். ஒழுகும் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை எடுப்பவர்கள் நிறைய. கண்ணில் படாத பிளாஸ்டிக் குழாய்க்கும் அதே வயதுதான் என்பதால் அது பாதி வேலையே.

நான்கு சிலிண்டர் 914-களில் அமெரிக்கச் சந்தைக்குப் போனவை எல்லாமே பெட்ரோல் இன்ஜெக்ஷன் கொண்டவை. 1.7, 2.0 லிட்டர் இன்ஜின்களில் போஷ் டி-ஜெட்ரானிக், 1.8-இல் எல்-ஜெட்ரானிக். டி-ஜெட்ரானிக்கில் பெட்ரோல் சுமார் 2 பார் அழுத்தத்தில் சுற்றுகிறது. கார்புரேட்டர் வண்டியில் ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் சொட்டும், இதில் பீய்ச்சும். கீழேயே எக்ஸாஸ்டைச் சுற்றியமைந்த வெப்பமாற்றிகள் கொதித்துக்கொண்டிருக்கும். 914-இல் இன்ஜின் அறைத் தீ அஞ்சப்படுவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பேட்டரி. அது இன்ஜின் அறையின் வலது மூலையில், காற்றுக்கான கம்பிவலை மூடிக்குக் கீழே அமர்ந்திருக்கிறது. மழைத்தண்ணீரும் பேட்டரி ஆசிடும் சேர்ந்து வழிந்து அடித்தகட்டையும் கீழுள்ள பெட்ரோல் ஹோஸ்களையும் அரிக்கின்றன; ஆர்வலர்கள் அந்த மூலைக்கு ‘நரகக் குழி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பகால வண்டிகளில் பெட்ரோல் பம்பும் அந்தப் பக்கமே, வெப்பமாற்றிக்கு அருகில். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும் தொல்லை இதனால் வந்தது. 1975 மாடலில் பம்ப் முன்பக்கம், டேங்க் அருகே இடம் மாறியது. பழைய வண்டிகளிலும் குழாய் மாற்றும்போதே பம்பை முன்னால் கொண்டுபோவது நல்ல முடிவு. பம்ப் இழுப்பதைவிடத் தள்ளுவதில் கெட்டி.

சோதனை. ஜெர்மன் ஹோஸ்கள் பலவற்றுக்கு மேலே நூல் பின்னல் உண்டு. பின்னல் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் விரிசல் விட்டிருக்கும். விரலால் மடக்கிப் பார்த்து, ரப்பர் விறைத்திருந்தாலோ, பின்னல் ஈரமாகிக் கறுத்திருந்தாலோ, இன்ஜின் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தாலோ அத்தனை ஹோஸையும் மாற்றுவதே முறை. இன்ஜெக்டர்களின் குட்டை ஹோஸ்களும் கணக்கில் சேரும். சூட்டுக்கு மிக அருகில் இருப்பவை அவைதான், அடிக்கடி மறக்கப்படுபவையும் அவைதான்.

முன்னேற்பாடு. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பம்ப் ஓடாதபடி செய்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் கழற்றப்படும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றும் அளவுக்கு பெட்ரோல் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். குழிக்குள் இறங்கிச் செய்யும் ஒர்க்‌ஷாப்களில் இதை மறக்கவே கூடாது. எரியும் பல்பு, ஹீட்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாற்றம். பழைய ஹோஸைப் பிடித்து இழுத்தால் அதனுள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முனை சட்டென்று ஒடிந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் மெல்லக் கீறி உரித்தெடுப்பதே பாதுகாப்பு. முனை ஏற்கெனவே மஞ்சளித்து நொறுங்கும் நிலையில் இருந்தால், டன்னல் குழாயும் போக வேண்டியதுதான். அதற்குப் பதிலாக வளைத்துத் தயாராக வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் கிடைக்கின்றன. இன்ஜினைக் கீழே இறக்கியிருக்கும் சமயத்தில் இதைச் செய்தால் கை போக இடம் கிடைக்கும். இன்ஜின் இருக்கும்போது செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஸ்டீல் குழாய் தகட்டைத் துளைத்து வெளிவரும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம். உள்ளே கிளட்ச் கேபிள் அதன்மேல் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேங்கின் அடியிலுள்ள ஹோஸ்களை அடைய, பெட்ரோலை வடித்து டேங்கைத் தூக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வடிகட்டி வலையை அப்போதே சுத்தம் செய்துகொள்ளலாம்.

புது ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்று தயாரானதாக இருக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சாதாரண கார்புரேட்டர் ஹோஸான ஆர்7 இங்கே உதவாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கிறது. கிளாம்பிலும் கவனம் தேவை: துளையிட்ட பட்டை கொண்ட மலிவு கிளாம்ப் ரப்பரை வெட்டும், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்ப் வெட்டாது. ஆரம்பகால பம்புகளுக்கு மூன்று வாய் உண்டு. கழற்றுமுன் ஒவ்வொரு ஹோஸுக்கும் அடையாளம் போடாவிட்டால், திரும்ப மாட்டும்போது இடம் மாறிப்போகும்.

கசிவுப் பரிசோதனை. டி-ஜெட்ரானிக்கில் சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யாமலேயே பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கும். சாவியைச் சில தடவை திருப்பி அணைத்தால் லைனில் அழுத்தம் ஏறிவிடும். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டுமே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் சூடாகி ஆறிய பிறகு கிளாம்ப்களை இன்னொரு முறை இறுக்குவது வழக்கம். புது ரப்பர் முதல் சூட்டில் சற்று அமுங்கிக்கொடுக்கும்.