பின் மட்கார்டும் பழைய டைகளும்

எம்ஜிபி, 1962-ல வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன் மட்கார்டு போல்ட்டுதான், ஸ்பேனர் இருந்தா கழட்டிடலாம். பின் மட்கார்டு அப்படி இல்லை, பாடியோட ஸ்பாட் வெல்டிங்! தனி சேஸிஸும் கிடையாது. துருப்பிடிச்சா ஒவ்வொரு வெல்ட் புள்ளியையும் டிரில் பண்ணித்தான் எடுக்கணும். புதுத் தகட்டை வெல்ட் பண்றதுக்கு முன்னாடி கதவு, டிக்கி மூடி எல்லாம் மாட்டி இடைவெளி பார்க்கணும். பொறுமை இருந்தா வீட்டு ஷெட்லயே முடியும்.

சரி, புதுத் தகடு எங்கிருந்து வரும்? அபிங்டன் ஃபேக்டரியை 1980-லயே மூடிட்டாங்க. தகடு அழுத்துற டைகள் காயலாங்கடைக்குப் போயிருக்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் அந்த டைகளைத் தேடிப் பிடிச்சு, 1988-ல முழு பாடியையே புதுசா கொண்டுவந்தாங்க. நம்ம பாஷையில, தொலைய இருந்த சோர்ஸ் கோடு கிடைச்ச மாதிரி. வேற டையில அடிச்ச மலிவுத் தகட்டுல வளைவு பொருந்தலைன்னா, தட்டித் தட்டியே உங்க சனி, ஞாயிறு போயிடும்.