மருந்து என்று ஒரு பெயர்

திண்டிவனம் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "மருந்துக் கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் செம்மண்ணோடு நிற்கிறவருக்கு ஒரு கடையைக் காட்டுவார்கள். கையில் டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு வேறொரு கடையைக் காட்டுவார்கள். ஒன்றில் விற்பது பூச்சியைக் கொல்லும் சரக்கு. மற்றதில் விற்பது மனிதனைப் பிழைக்க வைக்கும் சரக்கு. இரண்டுக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்: மருந்து. இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் மல்லாட்டைச் சீமை. மற்றவர்கள் நிலக்கடலை என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கடலை ரகங்களின் பெயரில் 'டி.எம்.வி.' என்று மூன்றெழுத்து வருகிறதே, அது திண்டிவனத்தின் சுருக்கம். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. கடலை இருந்தால் கம்பளிப்புழுவும் இருக்கும். முதல் மழை விழுந்த இரவுகளில் வரப்பில் தீ மூட்டி, வெளிச்சத்தைத் தேடி வரும் அந்துப்பூச்சிகளை விழச் செய்வார்கள். அதற்கும் தப்பிப் பிறந்த புழுக்கள் வயலுக்கு வயல் படையெடுக்கும்போது, குறுக்கே பள்ளம் வெட்டி அதிலே தள்ளி மூடுவார்கள். மிச்சத்தைப் பெண்களும் பிள்ளைகளும் பானையில் பொறுக்குவார்கள். பாடு பெரிது, பலன் பாதிதான். ஆகவே, ஒரு கைப்பொடியைத் தூவினால் போதும், புழு சுருண்டு விழும் என்று ஒருவன் வந்து சொன்னபோது, குடியானவன் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

உலகமே அப்படித்தான் கும்பிட்டது. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எந்தத் துறையில் என்கிறீர்கள்? வைத்தியத் துறையில்! கொசுவையும் பேனையும் ஒழித்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்ததற்காகக் கொடுத்த பரிசு; அதில் தவறில்லை. ஆனால் 'மருந்து' என்ற பெயர் நம் ஊரில் மட்டும் விழுந்ததல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

அதே காலத்தில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ரசாயன நிபுணர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தார். 1936-ல் அவர் கையில் அகப்பட்டது டாபுன் என்ற பொருள். அது பூச்சியை மட்டுமா கொன்றது? மனிதனையும் அதே சுலபத்தில் கொல்லும் என்று தெரிந்ததும் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு 1944-ல் அவரே பாரத்தியானைச் செய்தார். யுத்தம் முடிந்த பின் அது 'ஃபாலிடால்' என்ற பெயரில் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. விஷவாயுவுக்கும் இதற்கும் உறவு என்ன என்றால், ஒரே வயிற்றில் பிறந்த உறவு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டும் வேலை செய்கிற விதமும் ஒன்றே. நம் நரம்பு ஒரு கட்டளையைத் தசைக்குக் கொடுத்தவுடன், அந்தக் கட்டளையை அழித்துவிட உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது. விஷம் அந்தப் பொருளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கட்டளை ஓய்வதே இல்லை. வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பு வியர்வையில் நனைகிறது, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்குகிறது, தசைகள் துடிக்கின்றன, கடைசியில் மூச்சு நிற்கிறது. குடித்தால்தான் என்றில்லை, தோல் வழியாகவும் இறங்கும். மாற்று மருந்து உண்டு. அட்ரோபின் என்பார்கள், ஊமத்தையின் குலத்துச் செடிகளிலிருந்து வருவது. அதற்காக யாரும் ஊமத்தையை அரைக்கக் கிளம்பிவிட வேண்டாம். நனைந்த துணியைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவின் பெயரைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் செய்யக் கூடியது.

இனி 1958-க்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்கள். கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரிசபை நடந்துகொண்டிருந்த காலம். அங்கும், நமது சென்னை ராஜ்யத்திலும் சிலர், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சுருண்டு விழுந்தார்கள். அவர்கள் வயலில் மருந்து அடித்தவர்கள் அல்ல. ஃபாலிடால் என்ற பெயரையே கேட்டிராதவர்கள். அவர்கள் செய்த குற்றமெல்லாம் பசித்த வேளையில் கோதுமை மாவில் செய்த பண்டத்தைத் தின்றதுதான். மாவு கெட்டுப் போயிருக்கவில்லை. வருகிற வழியில் அதற்கு வாய்த்த துணைதான் கெட்ட துணை. உணவுச் சரக்கோடு சரக்காக ஃபாலிடாலும் பயணம் செய்தது, கசிந்தது, மாவில் இறங்கியது. நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள்.

மத்திய சர்க்கார், பம்பாய் ஹைகோர்ட் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. இந்த விஷங்களுக்கென்று உடனே ஒரு சட்டம் வேண்டும் என்று கமிஷன் சொல்லிற்று. 'உடனே' என்பதற்கு டில்லி அகராதியில் பத்து வருஷம் என்று பொருள்: பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1971 ஆகஸ்டில். அதன் விதிகளைப் படிக்கிறபோது, செத்துப் போனவர்களே பக்கத்தில் இருந்து எழுதச் சொன்னதுபோல இருக்கிறது. பூச்சிக்கொல்லி உணவுப் பொருளோடும் தீவனத்தோடும் ஒட்டி இருக்கும்படி ஏற்றவோ வைக்கவோ கூடாது. கசிந்து கலந்த உணவைப் பரிசோதிக்காமல் ஜனங்களுக்கு விடக் கூடாது. காலி டப்பாவை மறுபடி உபயோகிக்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். டப்பாவின் மேல் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய விஷம். பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சை என்றால் பாலைப் போலக் குடிக்கலாம் என்று அர்த்தமல்ல. அதற்கும் ஜாக்கிரதை வேண்டும்.

காலி டப்பா என்றதும் எங்கள் வீட்டுக் கதை ஒன்று நினைவு வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எண்ட்ரின் இன்னும் கடையில் கிடைத்தது. 1990-ல்தான் அதைத் தடை செய்தார்கள். ஒரு நாள் பாட்டி காலித் தகரம் ஒன்றைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, எண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்று வெயிலில் காய வைத்திருந்தாள். தாத்தா வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்து அதில் நாலு குத்து விட்டார். "நல்ல தகரத்தைப் போயி இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்று பாட்டி மூன்று நாள் பேசவில்லை. தாத்தாவுக்குச் சட்டம் தெரியாது. மலையாளத்தில் மாவு தின்று செத்த சேதி மட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் கடப்பாரைக் குத்து எல்லா வீட்டிலும் விழவில்லையே என்பதுதான் வருத்தம். 2013 ஜூலை 16-ஆம் தேதி பீகாரில், சரண் ஜில்லாவின் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்து போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. சட்டம் அமலுக்கு வந்து அப்போது ஏறக்குறைய 42 வருஷம் ஆகியிருந்தது. சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் அடுப்படி வரைக்கும் வருவதில்லை. அங்கே வருவது நாம் வைத்த பெயர்தான். 'விஷம்' என்று எழுதிய தகரத்தில் யாராவது எண்ணெய் ஊற்றி வைப்பார்களா? 'மருந்து' டப்பா என்றால் கழுவினால் போதும் என்று கை துணிகிறது.

போன மாதம் விழுப்புரம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் வயர்க் கூடை. உள்ளே சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில் ஒன்று. அதன்மேல் சாய்ந்தாற்போல் ஒரு பன் பொட்டலம்.

"பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. இன்னொண்ணு கத்திரிக்கு மருந்து."

"ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க ஐயா."

அவர் சிரித்தார். "மூடி இறுக்கமாத்தான் இருக்குதுங்க."

1958-ல் சரக்கு ஏற்றியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஆனால் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, பன்னை மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் வாயை மூடுவதற்காகவே செய்திருக்கலாம். அதனால் என்ன? பன் இடம் மாறிவிட்டது.